வந்தவர்கள் போகும்வரை

அத்தியாயம் 11

"சத்தியமா மிஸ்" என்றாள் கொக்கு.

முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியையின் விரல்கள் அப்படியே நின்றன.

அவள் கேட்டது ஒன்றும் பெரிய கேள்வியில்லை. ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்றுதான் கேட்டாள். வெளிநாட்டிலிருந்து வந்து இந்த வீட்டில் தங்கியிருக்கும் அந்தப் பதினாலு வயதுப் பெண், கைபேசியை வைத்து இரண்டு வருஷம் தமிழ் படித்தவள். வாயைத் திறந்தால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். "எனக்குச் சிறிது தண்ணீர் வேண்டும், மிக்க நன்றி" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். நீளக் கால்களைப் பார்த்துக் கொக்கு என்று பெயர் வைத்தது இந்த வீட்டு மகள். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளும் சந்தோஷமாக அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள்.

அப்படிப்பட்ட வாயிலிருந்து வருகிறது, "சத்தியமா மிஸ்."

இந்த வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. பள்ளியிலும் ஏ பிரிவு பேசாது, பி பிரிவு பேசாது. ஜன்னல் கண்ணாடி உடைந்தால், குழாய் பிடுங்கப்பட்டால், யாருடைய பையிலாவது ஓணான் இருந்தால், கேட்பதற்கு முன்பே கோரஸாக எழும் குரல் அது. ஒன்பதாம் வகுப்பு டி பிரிவின் தனிச் சொத்து.

ஆனால் கொக்கு டி பிரிவைப் பார்த்திருக்க வழியே இல்லையே.

"இதை உனக்கு யாரும்மா சொல்லிக்குடுத்தா?" குரலில் சர்க்கரை தடவிக்கொண்டு கேட்டாள் தலைமையாசிரியை.

கொக்கு வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். "டிவில வந்திருக்கும்மா."

"எந்த டிவில மிஸ், மிஸ்னு பேசுறாங்க?"

மகள் தட்டைப் பார்த்தாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவர், பாதி ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "எனக்கு நேரமாச்சு. நீ ஸ்கூலுக்குப் போம்மா, அங்க தேடப் போறாங்க."

சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுகிற ஆள் இல்லை அவர்.

இதுவரை வாரா வாரம் கூடவே வந்தவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். இந்த வாரம்தான் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

இந்தக் குடும்பத்துக்குச் சோறு போடுவது ஒரு பள்ளிக்கூடம். அண்ணன் தாளாளர், அவர் மனைவி தலைமையாசிரியை. தம்பி பள்ளி வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறான். தம்பி மனைவி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், அங்கே கணக்கு டீச்சர். ஒன்பதாம் டி-க்கு வகுப்பாசிரியை. வீடு ஒன்றுதான். கீழே அண்ணன் குடும்பம், மாடியில் தம்பி குடும்பம்.

வெளிநாட்டுப் பள்ளி ஒன்று பத்துப் பிள்ளைகளை, கூட ஒரு டீச்சரோடு, ஐந்து நாள் விருந்தாக அனுப்பியிருக்கிறது. பிடித்துப்போனால் ஒப்பந்தம். வருஷா வருஷம் அங்கிருந்து பத்துப் பேர் இங்கே, இங்கிருந்து பத்துப் பேர் அங்கே. அந்த முதல் பத்தில் தன் மகளும் இருக்க வேண்டும் என்பது தலைமையாசிரியையின் கனவு.

அந்தக் கனவுக்குக் குறுக்கே நின்றது டி பிரிவு. போன வருஷம் வந்த ஒரு விருந்தினர், டி-யில் ஒரு பையனை எழுப்பி இங்கிலீஷில் பெயர் என்ன என்று கேட்டார். அவன் "ஃபைன், தேங்க்யூ" என்றான். மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு தலைமையாசிரியையின் காதை விட்டு இன்னும் போகவில்லை.

ஆகவே வந்தவர்கள் இறங்கிய திங்கட்கிழமை காலை, பள்ளியில் டி பிரிவு இல்லை. அந்த வகுப்பறை பெயிண்ட் அடிக்கப்பட்டு மொழி ஆய்வகமாகியிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் 'ஸ்பெஷல் கோச்சிங்' என்ற பெயரில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பழைய கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். "டி இல்லாத ஸ்கூல்ல டி-க்கு டீச்சர் மட்டும் எதுக்கு" என்று சின்னவளும் அவர்களோடு கிளம்பிவிட்டாள். அதற்கு முந்தின ராத்திரி மாடிப்படியில் நடந்த வாக்குவாதத்தைத்தான் போன வாரம் பார்த்தோம்.

இன்று வியாழன். சாயங்காலம் இதே வீட்டில் விருந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து. நாளை வண்டியேற்றிவிட்டால் முடிந்தது.

இன்னும் ஒரே நாள். அதற்குள் யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள்.

யார் என்பதில் தலைமையாசிரியைக்குச் சந்தேகமே இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவள், மாடியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். மாடிக் கதவு சாத்தியிருந்தது.

* * *

பள்ளியில் முதல் இரண்டு பீரியட் ஒரு குறையும் இல்லாமல் போனது. அதுவே அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

வந்த டீச்சர் உயரமான மனுஷி. யார் எதைச் சொன்னாலும் மெல்லத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். பிள்ளைகள் அவளுக்குத் தலையாட்டி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தத் தலையாட்டலைத் திங்கட்கிழமை பாராட்டு என்று நினைத்தாள் தலைமையாசிரியை. புதன்கிழமை மரியாதை என்று நினைத்தாள். இன்று பார்க்கும்போது, பொய்ச் சாட்சி சொல்பவனை முழுசாகப் பேசவிட்டுக் கேட்கிற நீதிபதி மாதிரி இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அவளைத் தேடினால் வகுப்பில் இல்லை. மொழி ஆய்வகத்தில், கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த கணினியையோ ஹெட்போனையோ அவள் தொடக்கூட இல்லை. புதிதாக வார்னிஷ் அடித்த மேஜையின் மேல் ஆள்காட்டி விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். காம்பஸ் முனையால் ஆழமாகச் செதுக்கிய எழுத்துகளை எத்தனை கோட் வார்னிஷ் அடித்தாலும் மூட முடியவில்லை. இரண்டு பெயர்கள், ஒரு மீன் படம், அதன் கீழே 9D.

"இங்கே யார் உட்கார்ந்திருந்தார்கள்?" இங்கிலீஷில் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"பழைய பிள்ளைகள். ரொம்ப நாளைக்கு முன்னால்."

வந்த டீச்சர் தலையாட்டினாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் வார்னிஷ் வாசனையை முகர்ந்தாள். பிறகு புன்னகையோடு எழுந்து வெளியே போனாள்.

தலைமையாசிரியை நேராகத் தன் அறைக்குப் போனாள்.

கதவைச் சாத்திவிட்டுச் சின்னவளின் கைபேசிக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே பதில்.

கணவரைத் தேடிப் போனாள். அவர் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலி போடுகிறவர்களை மேய்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி பொண்டாட்டி எல்லாத்தையும் போட்டு உடைச்சுட்டா."

"என்னத்த உடைச்சா?"

"டி விஷயம். கொக்குக்குத் தெரியும். அந்த டீச்சருக்கும் தெரிஞ்சிருக்கும் போல."

அவர் திடுக்கிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி இடம் மாற்றி வைத்தார். "நீயா எதையாவது கற்பனை பண்ணிக்காத. சாயங்காலம் வரைக்கும் பேசாம இரு."

"நான் நேர்ல போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

"எங்க?" இப்போதுதான் திடுக்கிட்டார்.

"பழைய கட்டடத்துக்கு. வேற எங்க?"

"இந்த வெயில்ல அங்க எதுக்குப் போற? நான் வேணா தம்பியை அனுப்பி..."

முப்பது வருஷமாக வெயிலைப் பற்றி இவர் கவலைப்பட்டதே கிடையாது. தலைமையாசிரியை அவர் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள். அவர் நாற்காலியைப் பார்த்தார்.

* * *

வண்டிக் கொட்டகையில் கொழுந்தன் ஒரு வேனின் சக்கரத்துக்கு முன்னால் குந்தியிருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"பழைய கட்டடத்துக்குப் போகணும். வண்டியை எடு."

"இப்பவா? பேட்டரி கொஞ்சம் மக்கர் பண்ணுதே அண்ணி."

"அந்த வண்டி?"

"அது... டயர் செக் பண்ணணும்."

"இங்க நாலு வண்டி நிக்குது. நாலுமே படுத்துடுச்சா? அப்படின்னா சாயங்காலம் புள்ளைங்களை நீ தோள்ல தூக்கிட்டுப் போகப் போறியா?"

கொழுந்தன் சாவியை எடுத்தான்.

சந்தைக்குப் போகிற நேர்வழியை விட்டுவிட்டு ஊரையெல்லாம் சுற்றினான். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நின்றான். ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டே மறு கையால் கைபேசியைத் தடவினான்.

"யாருக்கு அடிக்கிற?"

"மெக்கானிக்குக்கு."

"உன் பொண்டாட்டி எப்பலேருந்து மெக்கானிக் ஆனா?"

அவன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டான்.

பழைய கட்டடத்தின் இரும்பு கேட்டில் பூட்டுத் தொங்கியது. பூட்டுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சிலந்தி நிதானமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. உள்ளே முற்றத்தில் காய்ந்த இலைகள் கலையாமல் கிடந்தன. ஒரு செருப்புத் தடம்கூட இல்லை.

தலைமையாசிரியை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் இங்கே இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். பெற்றவர்களும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நாளாக ஒரு தடவைகூட அவள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. வராமல் இருப்பதுதான் பத்திரம் என்று நினைத்தாள்.

"புள்ளைங்க எங்கடா?" கொழுந்தனை அவள் 'டா' போட்டுப் பேசியது இதுவே முதல் தடவை.

"பத்திரமா இருக்காங்க அண்ணி. கோவப்படாதீங்க. இங்க மோட்டார் எரிஞ்சுபோச்சு. தண்ணி இல்ல, பாத்ரூம் இல்ல. பொம்பளப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு திங்கட்கிழமை மத்தியானமே அவ போன் பண்ணுனா. நான் அண்ணன்கிட்ட கேட்டேன்."

"அவர்கிட்ட கேட்டியா? என்ன சொன்னார்?"

கொழுந்தன் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தான். "ஏறுங்க. நம்ம வீட்டுக்குப் போலாம்."

* * *

வீட்டின் பின்பக்கச் சந்தில் வண்டியை நிறுத்தினான். பின்வாசல் கேட்டுக்கு உள்ளே, சுவரோரமாக, பள்ளிக்கூட ஷூக்கள் இரண்டு வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேலே மாடியிலிருந்து ஒரு கூட்டச் சிரிப்பு எழுந்து, யாரோ "உஷ்" என்றதும் அடங்கியது.

அவள் வீடு. அவள் தலைக்கு மேலே.

காலை ஏழரைக்கு அவள் பள்ளிக்குக் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதத்துக்குப் பிறகு மாடிப்படியில் காலே வைக்கவில்லை. வண்டி முன்வாசலுக்கு வராமல் சந்துக்குள் வந்து போனால் அவளுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்திலிருந்து தான் ஒளித்து வைத்ததை, தன் வீட்டிலேயே தனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள். கணவருக்குத் தெரியும். கொழுந்தனுக்குத் தெரியும். மகளுக்கும்தான். இந்த வீட்டில் விவரம் தெரியாத ஒரே ஆள் அவள்தான்.

படியேறினாள். கதவைத் தள்ளினாள்.

சின்னவளின் கூடத்தில் நாற்காலி, மேஜை எல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. தரை முழுக்கப் பிள்ளைகள். துணி அலமாரிக் கதவில் சாக்பீஸால் ஒரு முக்கோணம். முன்வரிசையில் மகள். ஜன்னலோரம், ஒல்லியான பெண் ஒருத்திக்குப் பக்கத்தில், நீளக் கால்களை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு கொக்கு. தலைவலி என்று இருவரும் வீட்டுக்குப் போனதாகக் கிளம்பும்போது பியூன் சொன்னது, இப்போதுதான் அவள் மண்டையில் ஏறியது.

பயந்து சுருங்குவார்கள் என்று நினைத்தாள். பிள்ளைகள் துள்ளி எழுந்து நின்றார்கள்.

"குட் ஆஃப்டர்நூன் மிஸ்!"

அவ்வளவு சந்தோஷமான வணக்கத்தை டி பிரிவு அவளுக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. முகமெல்லாம் பல்லாக நின்றார்கள்.

கொக்குக்குப் பக்கத்திலிருந்த அந்த ஒல்லிப் பெண் கையைத் தூக்கினாள். எதைச் சொன்னாலும் "அது எப்படி மிஸ்?" என்று எதிர்க்கேள்வி போடுகிறவள். டீச்சர்கள் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸ், ஒண்ணு கேக்கட்டுமா? எங்களை எதை வெச்சு செலக்ட் பண்ணீங்க?"

"என்ன?"

"ஸ்பெஷல் கோச்சிங்குக்கு. ஏ செக்ஷன்ல எல்லாம் எவ்வளவோ மார்க் வாங்குறாங்க. அவங்களை விட்டுட்டு எங்களை மட்டும் எடுத்து, உங்க வீட்டுலயே வெச்சு சொல்லிக்குடுக்கறீங்க. எங்க அம்மாவுக்கு நம்பவே முடியல. எதை வெச்சு எடுத்தாங்கன்னு கேட்டுட்டு வான்னாங்க. குறையா இல்ல மிஸ், சந்தோஷமாத்தான் கேட்டாங்க."

எல்லாக் கண்களும் தலைமையாசிரியை மேல் இருந்தன. அலமாரியோரம் சாக்பீஸோடு நின்ற சின்னவளின் கண்களும். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். என்ன சொல்லப் போகிறாய், பார்க்கலாம் என்கிற மாதிரி காத்திருந்தன.

"அப்புறம் சொல்றேன்" என்றாள் தலைமையாசிரியை. "எல்லாரும் உக்காருங்க."

* * *

மாடிச் சமையலறையில் தலைமையாசிரியையும் சின்னவளும் எதிரெதிரே நின்றார்கள்.

"நீ ஜெயிச்சுட்ட. எல்லாத்தையும் அவங்ககிட்ட சொல்லிட்ட, இல்லையா?"

"நான் யாருக்கும் சொல்லலக்கா. சொல்லணும்னு தோணுச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

"அப்ப கொக்குக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணுக்கு நிஜமாவே தலைவலி. உங்க பாப்பாதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா. கீழ படுத்திருந்தா. மேல இத்தனை பேர் வாய்ப்பாடு சொன்னா காதுல விழாதா? ஏறி வந்து கதவுல நின்னா. உள்ள வரலாமான்னு கேட்டா. வராதேன்னு நான் எப்படிச் சொல்றது? அதுக்கப்புறம் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிட்டு வந்துடறா."

"இதை ஏன் என்கிட்ட யாருமே சொல்லல?"

சின்னவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? இங்கேருந்து கிளப்பி வேற எங்கயாவது ஒளிச்சிருப்பீங்க. மாமாவும் அதைத்தான் சொன்னாரு. நாலு நாள்தானே, அவ நிம்மதியா இருக்கட்டும்னாரு."

தலைமையாசிரியைக்குச் சுருக்கென்றது.

கொக்கைக் கூப்பிட்டாள். அவள் வந்து தலை நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து நின்றாள்.

"உங்க டீச்சர்கிட்ட இங்க நடக்கறதைச் சொன்னியா?"

"ஆம்" என்றாள் கொக்கு. "செவ்வாய்க்கிழமை சொன்னேன். எங்கள் ஆசிரியை ஒவ்வொரு மாலையும், இன்று எங்கே மகிழ்ச்சியாக இருந்தாய் என்று எங்களைக் கேட்பார். நான் மாடியில், ஒன்பதாம் டி பிள்ளைகளோடு என்று சொன்னேன்."

செவ்வாய்க்கிழமையே.

அப்படியானால் புதன்கிழமை காலை, இந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குள் பாகுபாடே கிடையாது என்று அவள் மேடையில் நின்று பேசியபோது, முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் தெரியும். மேஜையில் விரலை ஓட்டியபோதும் தெரியும். இரண்டு நாளாக அவளைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

கீழே முன்வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

* * *

கணவர் தடுத்துப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இப்பவே வீட்டைப் பார்க்கணும்னு பிடிவாதமா நின்னாங்க" என்று படியடியிலிருந்து மேலே பார்த்துக் கிசுகிசுத்தார். அவருக்குப் பின்னால் வெளிநாட்டு டீச்சர், தோளில் பையோடு. அந்தப் பைக்குள்தான் ஒப்பந்தம்.

மாடிப்படியின் நடுவில் தலைமையாசிரியை நின்றாள். அவளுக்குப் பின்னால், சத்தம் கேட்டு வெளியே வந்த பிள்ளைகள் படிக்கு மூன்று நாலு பேராக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். வெளிநாட்டு டீச்சரை அவர்கள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஒருவன் தலைமுடியை அவசரமாகக் கையால் வாரிக்கொண்டான்.

"இந்தப் பிள்ளைகள் யார்?" என்று கேட்டாள் வந்த டீச்சர், இங்கிலீஷில்.

"டியூஷன்" என்றார் கணவர் சட்டென்று. "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்."

வந்த டீச்சர் தலையாட்டினாள். கண்களை மட்டும் தலைமையாசிரியையிடமிருந்து எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். இன்னொரு பூச்சு, அவ்வளவுதான். ஆனால் அத்தனை பேரும் அவள் பள்ளிச் சீருடையில் நிற்கிறார்கள். எதை வெச்சு செலக்ட் பண்ணீங்க என்ற குரல் இன்னும் காதில் இருக்கிறது. தலைமையாசிரியை கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள்.

சொல்லிவிடலாம். இங்கிலீஷில் சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்குப் புரியவா போகிறது?

"இவர்கள் ஒன்பதாம் டி" என்றாள், சுத்தமான இங்கிலீஷில், ஒரு வார்த்தை தடுமாறாமல். "டியூஷன் பிள்ளைகள் இல்லை. என் பள்ளிப் பிள்ளைகள். நீங்கள் உட்கார்ந்திருந்த அறை இவர்களுடையது. நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்று நான்தான் அனுப்பிவிட்டேன். இவர்களை உங்களுக்குக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. இவர்களுக்கு அது தெரியாது. தங்களைத் தேர்ந்தெடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

கணவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேலே சின்னவள் அசையாமல் நின்றாள்.

வந்த டீச்சர் இந்தத் தடவை தலையாட்டவில்லை. "முதலில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகட்டும். பிறகு நாம் பேசலாம்" என்றாள். பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திறக்கவில்லை.

படியில் பிள்ளைகளிடையே சலசலப்பு. "என்னடா சொன்னாங்க?" "நம்மளைப் பத்தித்தான். நைன்த் டின்னாங்க." "பாராட்டறாங்கடா." யாரோ பெருமையாகச் சிரித்தார்கள். தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தபோது, மேல்படியில் வக்கீல் கொக்கின் காதருகே எட்டி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். கொக்கு குனிந்து பதில் சொன்னாள்.

"சரி, சரி, எல்லாரும் வண்டிக்கு வாங்க" என்று பின்பக்கமிருந்து கொழுந்தன் குரல் கொடுத்தான். பிள்ளைகள் இறங்கி, ஷூவை மாட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டிச் சந்துக்குள் ஓடினார்கள்.

தலைமையாசிரியை சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். கூடத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள். என்ன பேசப் போகிறாள்? ஒப்பந்தம் கிழியுமா? மகளுக்கு என்ன பதில் சொல்வது? ஆனாலும் நாலு நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது ஏதோ இறங்கிவிட்ட மாதிரியும் இருந்தது. சொல்லியாயிற்று. பிள்ளைகளுக்கும் ஒரு காயமும் இல்லை.

"அக்கா."

சின்னவள் பின்வாசலில் நின்றாள். முகம் வெளிறியிருந்தது. "ஒரு ஆள் குறையுது."

"மாடியில பாரு. பாத்ரூம்ல இருக்கும்."

"பார்த்துட்டேன். பை இல்ல. ஷூவும் இல்ல. வக்கீலைக் காணோம்."

இருவருக்கும் நடுவே கொக்கு வந்து நின்றாள். எப்போதும் நேராக நிமிர்ந்து பேசுகிறவள், கைகளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அவள் என்னிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாள். மற்றவை எல்லாம் தனக்குப் புரிந்தன, 'அஷேம்ட்' என்ற சொல் மட்டும் புரியவில்லை என்றாள். மூன்று நாளாக நான் அவளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அவள் எனக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள். அதனால் அகராதியில் உள்ளதைச் சொன்னேன்." கொக்கு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அது தவறா?"

சின்னவள் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

கூடத்திலிருந்து கணவர் கூப்பிட்டார். "என்னம்மா பண்ற? அவங்க காத்துக்கிட்டிருக்காங்க."

தலைமையாசிரியை அதைக் காதில் வாங்கவில்லை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பின்கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டிக்குள்ளிருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக உற்சாகமாகக் கையாட்டினார்கள். வண்டியைத் தாண்டி ஓட்டமும் நடையுமாகச் சந்து முனைக்குப் போனாள்.

அங்கே தெரு இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் கடைகள், சைக்கிள்கள், பள்ளி விட்டுத் திரும்பும் வேறு வேறு சீருடைகள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாகத் தன் பள்ளியில் படிக்கிற அந்தப் பெண்ணின் வீடு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.